சமனற்றோர் சமர்: நாயும் புலியும் முதல் மேசைப் பாத்திர விளையாட்டு வரை

மன்னார்த் தீவின் வடகரையிலே பேசாலை என்னும் ஊரில், காற்றுக் கடுமையாகி வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் நாள்களில், வலை பொத்தும் வாடிகளின் நிழலிலே மணலிற் கோடு கிழித்து ஆடப்படும் ஆட்டமொன்றை என் இளமையிற் கண்டிருக்கிறேன். நாயும் புலியும் என்பது அதன் பெயர். தமிழகத்தார் அதனை ஆடுபுலி ஆட்டம் என்பர். ஒரு பக்கத்தில் மூன்று புலிகள். மறுபக்கத்திற் பதினைந்து நாய்கள். புலிகளுக்கு மூன்று கருங்கற்கள், நாய்களுக்குப் பதினைந்து சிப்பிகள் என்பதே எங்கள் வீட்டு வழக்கு. என் தாயின் தகப்பனார், நாங்கள் அப்பு என்று அழைத்தவர், இவ்வாட்டத்தில் வல்லவராக இருந்தார். முதன்முதலாக எனக்கு அதனைக் கற்பித்த அன்று நாய்களை என்னிடம் தந்துவிட்டு, புலிகளுள் ஒன்றைத் தூக்கித் தம் மடியிற் செருகிக்கொண்டு, "எனக்கு இரண்டு காணும். நீ பழகினாப் பிறகு மற்றதை வைப்பன்" என்றார்.

அந்த ஒரு கல்லைப் பற்றிப் பல ஆண்டுகளின் பின்னர் பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோதுதான் நான் சிந்திக்கத் தொடங்கினேன். நண்பர் சிலர் அங்கு மேசையைச் சுற்றி அமர்ந்து, இருபது முகமுள்ள கட்டைகளை உருட்டி, வீரராகவும் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்து, கற்பனை நாடொன்றிற் பூதங்களோடு பொருதும் விளையாட்டில் ஈடுபட்டிருந்தனர். ஒருவர் நெறியாளர், ஏனையோர் பாத்திரங்கள். நெறியாளராக இருந்த நண்பர் ஒவ்வொரு கிழமையும் விளையாட்டுக்கு முந்திய இரவிற் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். நான்கு பாத்திரங்களுக்கு எதிரே எத்தனை பூதங்களை நிறுத்துவது, அவற்றின் வலிமை எவ்வளவாக இருத்தல் வேண்டும் என்பதே அக்கணக்கு. குறைந்தால் ஆட்டம் சலிப்பூட்டும். கூடினால் எல்லாரும் மாண்டுபோவர். போரின் கடுமையை இவ்வாறு நிறுத்து வைக்கும் முயற்சிக்கு அவ்விளையாட்டு உலகத்தில் ஓர் இலக்கியமே வளர்ந்திருக்கிறது. நூல்களும் அட்டவணைகளும் சூத்திரங்களும் ஐம்பது ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகின்றன. ஆயின், சமனற்ற படைகளுக்கிடையே நியாயமான போரொன்றை அமைப்பது எவ்வாறு என்னும் வினா ஐம்பது ஆண்டு வயதினதன்று. அவ்வினாவின் வரலாற்றை, மணலிற் கிழித்த கோட்டிலிருந்து தொடங்கி, மன்னார்க் கரையின் மெய்யான போர்களையும் இடையில் ஒப்புநோக்கி, மேசை விளையாட்டு வரை பின்தொடர்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாயும் புலியும் ஆட்டத்தின் அமைப்பை முதலில் நோக்குவோம். முக்கோண வடிவான மலையொன்றின் குறுக்கே கோடுகள் செல்ல, அவை வெட்டும் இடங்களில் இருபத்து மூன்று புள்ளிகள் தோன்றும். புலிகள் முதலிலேயே களத்தில் இருக்கும். நாய்கள் ஒவ்வொன்றாக வைக்கப்படும்; பதினைந்தும் வைத்து முடிந்த பின்னரே அவை நகரலாம். புலி, அடுத்திருக்கும் நாயைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றுப் புள்ளியிற் குதித்தால் அந்த நாய் வெட்டுப்படும். நாய்களுக்கு வெட்டும் உரிமை இல்லை. புலிகள் எப்பக்கமும் அசைய முடியாதபடி அடைத்துவிடுவதே அவற்றின் வெற்றி. சிறு விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும், அடிப்படை ஒன்றே.

இருதிறத்தாரும் ஒரே வகையான காய்களுடன் ஒரே வகையான இலக்கை நோக்கி ஆடும் சதுரங்கத்தோடு இதனை ஒப்பிட்டால் இதன் அருமை புலப்படும். சதுரங்கத்தில் நியாயத்தை உண்டாக்குவது எளிது. இரு பக்கத்துக்கும் ஒன்றையே கொடுத்துவிட்டாற் போதும். முதல் நகர்வு யாருக்கு என்பது மட்டுமே எஞ்சும் வேறுபாடு. நாயும் புலியும் ஆட்டத்திலோ எண்ணிக்கை வேறு, ஆற்றல் வேறு, வெற்றியின் பொருளும் வேறு. வெட்டுவதால் ஒருவன் வெல்வான். அடைப்பதால் மற்றவன் வெல்வான். அளக்கும் கோலே இரண்டாக இருக்கும்போது இரண்டையும் சமன்செய்தவர் எவ்வாறு சமன்செய்தனர்?

இவ்வகை ஆட்டங்கள் எங்கும் பரந்தவை. இலங்கையில் நீர்ப்பாசனப் பகுதியிற் பணியாற்றிய ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை என்னும் நூலில், இந்நாட்டு ஆட்டங்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். வடமாகாணக் குளங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர் அவர்; மன்னார்ப் பெருநிலத்துக் கட்டுக்கரைக்குளமும் அவர் ஆய்வுக்குட்பட்டது. குளக்கட்டில் நின்று மட்டம் பார்த்த பொறியியலாளர் ஒருவர் கிராமத்தவரின் கோடுகளையும் சிப்பிகளையும் கவனித்துக் குறித்துவைத்தமை நமது நற்பேறு. சிங்களவர் திவியன் கெளிய என வழங்கும் சிறுத்தை ஆட்டத்தில் இரண்டு சிறுத்தைகளுக்கு எதிரே இருபத்து நான்கு காய்கள் நிற்கும். இன்னொன்றை அவர்கள் தெமள திவியன் கெளிய, அதாவது தமிழரின் சிறுத்தை ஆட்டம், என்று வழங்கினர். அயலவர் ஓர் ஆட்டத்துக்கு நம் பெயரை இட்டு அழைத்தமை, அது எவரிடமிருந்து எவருக்குச் சென்றது என்பதை முடிவு செய்யாது. ஆயினும் அக்காலத்தில் அது தமிழரோடு இணைத்துக் காணப்பட்டது என்பதற்கு அது போதிய சான்றாகும்.

நேபாளத்தில் பாக் சால் என்பது வழக்கு. இருபத்தைந்து புள்ளிகள், நான்கு புலிகள், இருபது ஆடுகள். ஐந்து ஆடுகளை வெட்டினாற் புலிக்கு வெற்றி. இந்த ஆட்டத்தைப் பற்றி அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஆய்வு ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் இருவர் கணினியின் துணைகொண்டு இதன் எல்லா வழிகளையும் ஆராய்ந்து, 2009இல் வெளிவந்த கட்டுரையில், இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றியே முடியும் என நிறுவினர். நான்குக்கு இருபது என்ற விகிதத்தை வகுத்தவர் எவரென நமக்குத் தெரியாது. அவரிடம் கணினி இருந்ததில்லை, சூத்திரமும் இருந்ததில்லை. எனினும் அவர் வைத்த தராசின் முள் நடுவிலேயே நிற்கிறது.

இது தற்செயலா? அன்று என்றே கருதவேண்டும். ஐரோப்பிய நரியும் வாத்தும் ஆட்டத்தின் வரலாறு இதற்கு உதவுகிறது. அதில் ஒரு நரிக்கு எதிராகப் பழைய நாளிற் பதின்மூன்று வாத்துகள் இருந்தன. வாத்துகளுக்கு வெல்லும் வாய்ப்புக் குறைவெனக் கண்டபோது அவற்றின் தொகை பதினைந்தாகவும் பதினேழாகவும் உயர்த்தப்பட்டது. உயர்த்தியபின் அவை மிஞ்சிப்போயின. ஆகவே வாத்துகள் பின்னோக்கி நகரலாகாது என்ற தடை விதிக்கப்பட்டது. விளையாட்டு வரலாற்றை விரிவாக எழுதிய எச். ஜே. ஆர். மறே இவ்வாறான மாற்றங்களைத் தொகுத்துத் தந்துள்ளார். ஆயிரம் மாலைப்பொழுதுகளில் ஆடி, ஒருவனே தொடர்ந்து வெல்லும்போது மற்றவன் முகம் சுளிக்க, ஒரு காயைக் கூட்டியும் குறைத்தும் கண்ட முடிவுகளே இவ்விகிதங்கள். நம் பதினைந்தும் அவ்வழி வந்ததாகவே இருத்தல் வேண்டும்.

தொகையை விட நுட்பமான இன்னொன்று இவ்வாட்டங்களில் உண்டு. பெரும்பாலோர் அதனைக் கவனிப்பதில்லை. நாய்கள் பதினைந்தாயினும், ஒரு முறைக்கு ஒரு நாயே நகரும். புலிகள் மூன்றாயினும், ஒரு முறைக்கு ஒரு புலியே நகரும். முறை என்பது காய்க்கு உரியதன்று, ஆடுபவனுக்கு உரியது. இதனால் எண்ணிக்கை ஒருபோதும் வேகமாக மாறுவதில்லை. பதினைந்து நாய்களும் ஒரே கணத்திற் பாய்ந்தால் புலி என்னவாகும்? இவ்விதியின் மதிப்பை நாம் பின்னர், மேசை விளையாட்டின் அட்டவணைகளைக் காணும்போது, முழுமையாக உணர்வோம்.

இனி மெய்யான போருக்கு வருவோம். மன்னார்க் கரை போரை நன்கறிந்த கரை. முத்துக்கும் துறைமுகத்துக்கும் பாக்கு நீரிணையின் வழிக்கும் உரிய காவலிடமாக அது இருந்தமையால் எந்த ஆட்சியும் அதனை விட்டுவைத்ததில்லை. 1544இல், புதிதாகக் கத்தோலிக்க மதத்தைத் தழுவிய மன்னார் மக்கள் யாழ்ப்பாணத்தரசன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அதனைச் சமர் என்று எவரும் கூறார்; ஒரு திறத்தாரிடமே ஆயுதம் இருந்தது. 1560இல் கோவாவிலிருந்து தொம் கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா பெரும் படையோடு வந்து நல்லூரைக் கைப்பற்றினான். உடன்படிக்கையும் ஏற்பட்டது. பின்னர் நாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்து போர்த்துக்கேயரை நெருக்க, அவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கி, மன்னாரிற் கோட்டை அமைத்துக்கொண்டனர். பெரும்படையாற் கொள்ள முடிந்ததை வைத்திருக்க முடியவில்லை. சிறு படையால் வைத்திருக்கத்தக்க இடமொன்றை அவர்கள் தேடினர். தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் ஆழமற்ற நீரின் ஓரத்தில், நான்கு கொத்தளங்களோடு நிற்கும் அந்தச் சதுரக் கோட்டையை இன்று பார்ப்பவரும் அத்தேர்வின் காரணத்தை உடனே உணர்வர்.

இரு தலைமுறைக்குள் அத்தேர்வு சோதனைக்குள்ளாயிற்று. யாழ்ப்பாணத்தரசன் புவிராச பண்டாரம் மன்னார்க் கோட்டையைத் தாக்கித் தோல்வியுற்றான். 1591இல் அந்திரே பூர்த்தாதோ தெ மென்டொன்சா படையோடு வந்து யாழ்ப்பாணத்தையே வீழ்த்தினான். ஆனால் 1658 பெப்ரவரியில் றைக்கிளொவ் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் மன்னாரில் இறங்கியபோது, கரையில் அவர்களைத் தடுக்கும் முயற்சி முறியடிக்கப்பட்டதும், கோட்டை சில நாள்களிலேயே பணிந்தது. அதே ஒல்லாந்தர்க்கு யாழ்ப்பாணக் கோட்டையைப் பெற மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முற்றுகை தேவைப்பட்டது. 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது மன்னாரிற் சொல்லத்தக்க சண்டையே நிகழவில்லை.

இவற்றை நான் நிரற்படுத்துவது படையெடுப்புகளின் கதையைச் சொல்வதற்காகவன்று. தொகையும் ஆற்றலும் இடத்தாற் பெருகவும் சுருங்கவும் செய்யும் என்பதை இவை காட்டுகின்றன. குறுகிய வாயிலில் நூறு பேருக்குச் செய்யக்கூடியது பத்துப் பேருக்குச் செய்யக்கூடியதை விட அதிகமன்று. மேலும், எந்தத் தளபதியும் சமநிலையை நாடியதில்லை. எதிரிக்கும் வெல்ல ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என எண்ணி வான் கூன்ஸ் இரண்டு கப்பல்களைத் திருப்பி அனுப்பவில்லை. மெய்ப்போரின் கலை முழுவதும் சமநிலையைக் குலைக்கும் கலையே. விளையாட்டு அதே பொருள்களைக் கொண்டு அதற்கு நேர்மாறானதைச் செய்ய முயல்கிறது.

மெய்ப்போரை மேசைமீது கொண்டுவர முதலில் ஒழுங்காக முயன்றவர்கள் பிரஷ்யர். கேயோர்க் லெயோபோல்ட் பொன் றைஸ்விட்ஸ் 1812இல் தமது போர் விளையாட்டை அரசன் மூன்றாம் பிரீட்றிக் வில்லியத்துக்குக் காட்டினார். அவர் மகன் 1824இல் அதனைத் திருத்தி விதிநூலாக வெளியிட்டார். நிலப்படம், காலாட்படைக்கும் பீரங்கிக்கும் உரிய கட்டைகள், சேதத்தைக் கணிக்க அட்டவணைகள், தாயக்கட்டை ஆகியவற்றுக்கு மேலாக ஒரு நடுவரும் அதில் இருந்தார். இருதிறத்தாரும் தம் ஆணைகளை எழுதி அவரிடம் கொடுப்பர்; எதிரி எங்கே நிற்கிறான் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அட்டவணைகள் பெருகி ஆட்டம் நத்தை வேகமாயிற்று. 1876இல் வேர்டி து வெர்னுவா என்னும் அதிகாரி அட்டவணைகளை ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என வாதிட்டார். அட்டவணையா, நடுவரின் மதியா என்ற அந்தப் பிணக்கு இன்றுவரை தீரவில்லை. இவ்விளையாட்டில் தளபதிகளைப் பயிற்றுவதே நோக்கமாதலால், இருபக்கமும் சமனாக இருக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. தோற்பதற்கென்றே அமைந்த நிலையிலிருந்து எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கலாம் என்பதும் ஒரு பாடமே.

பொழுதுபோக்காக அது மாறியபோதுதான் சமநிலை வினாவாயிற்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி 1969இல் நடத்திய பிரவுன்ஸ்டைன் என்னும் ஆட்டத்தில், ஆடுவோர் படைகளை நடத்தாமல், ஓர் ஊரின் தனித்தனி மனிதர்களாகத் தம்மைப் பாவித்தனர். அதில் ஆடிப் பழகிய டேவ் ஆர்னெசன் அந்த முறையைக் கற்பனை நாடொன்றுக்குக் கொண்டுசென்றார். அவரும் கரி கைகாக்சும் இணைந்து 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பதே மேசைப் பாத்திர விளையாட்டின் மூலநூல். முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள்தாம். பிரஷ்ய நடுவர் இங்கே நெறியாளரானார். ஆனால் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. முன்னர் நடுவர் இரு பகைவர்க்கிடையே நின்றார். இப்போது பகைவன் இல்லை; எதிர்நிற்கும் பூதங்கள் அனைத்தும் நெறியாளரின் கையிலேயே உள்ளன. அவர் விரும்பினால் ஒரு பூதத்தை நிறுத்தலாம், ஆயிரத்தையும் நிறுத்தலாம். எல்லையற்ற புலிகளை மடியில் வைத்திருப்பவன் எத்தனையைக் களத்தில் இறக்கவேண்டும்? மறே தொகுத்த எந்த ஆட்டத்திலும் இவ்வினா எழவில்லை.

தொடக்ககால விடை நிலத்தடியில் இருந்தது. சுரங்கத்தின் முதல் தளத்தில் எளிய பகைவர், ஆழச் செல்லச் செல்லக் கொடியவர் என்பது ஏற்பாடு. எவ்வளவு ஆழம் இறங்குவது என்பதை ஆடுவோரே தீர்மானிப்பர். ஆகவே கடுமையின் பொறுப்பு ஓரளவு அவர்களுடையது. மிஞ்சிய பகைவனைக் கண்டால் ஓடுவதே அறிவு. இந்த ஏற்பாட்டில் உள்ள நேர்மை எனக்கு உவப்பானது. பின்வந்தோர் இதனைப் போதாதெனக் கருதினர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு பூதத்துக்கும் ஓர் எண் கொடுத்தது. ஐந்து என்ற எண்ணுடைய பூதம், ஐந்தாம் படிநிலையிலுள்ள நான்கு பாத்திரங்களுக்கு ஏற்றது. அதனோடு பொருதி வெல்லும்போது அவர்களுடைய வளத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு செலவாகும். போரின் கடுமை இவ்வாறு முதன்முறையாக அரிசி நிறுப்பதுபோல நிறுக்கப்பட்டது.

நிறுவையில் வழு எங்கே நேர்ந்தது என்பது சுவையான செய்தி. பிரித்தானியப் பொறியியலாளர் பிரெடரிக் லாஞ்செஸ்ரர் 1916இல் வெளியிட்ட வான்போர் பற்றிய நூலில் ஒரு விதியை வகுத்தார். இருதிறத்திலும் ஒவ்வொருவனும் எதிர்த்திறத்தில் எவனையும் தாக்கக்கூடிய போரில், படையின் வலிமை தனியாளின் ஆற்றலை எண்ணிக்கையின் வர்க்கத்தாற் பெருக்க வருவதாகும். நால்வர் எதிரே எண்மர் நின்றால் எண்மரின் வலிமை இருமடங்கன்று, நான்மடங்கு. அவர்களைச் சமன்செய்ய வேண்டுமாயின் எண்மருள் ஒவ்வொருவனும் நால்வருள் ஒருவனின் காற்பங்கு ஆற்றலே உடையவனாக இருத்தல் வேண்டும். ஒருவனோடு ஒருவன் மட்டுமே பொரக்கூடிய இடுக்கான வழியில் இவ்விதி செல்லாது. அங்கே எண்ணிக்கை எண்ணிக்கையளவுக்கே பயன்படும். மன்னார்க் கோட்டை வாயிலை மீண்டும் நினைவுகூர்க.

மேசை விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு பூதத்துக்கும் தனித்தனி முறை உண்டு. ஆகவே கூட்டம் பெருகும்போது அடிகளும் பெருகுகின்றன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதனை உணர்ந்து, பூதங்களின் மதிப்பைக் கூட்டிய பின்னர், தொகைக்கேற்ப மேலும் பெருக்குமாறு விதித்தது. இரண்டு பூதமெனில் ஒன்றரை மடங்கு, மூன்று முதல் ஆறு வரை இருமடங்கு, இவ்வாறே ஏறிச்சென்று பதினைந்தும் அதற்கு மேலும் எனில் நான்மடங்கு. அட்டவணையின் கடைசி வரியிற் பதினைந்து என்ற எண்ணைக் கண்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்; நம் நாய்களின் தொகை அதுவல்லவா. நாயும் புலியும் வகுத்தோர்க்கு இப்பெருக்கல் தேவைப்படவில்லை. முறையை ஆடுபவனுக்குக் கொடுத்து, காய்க்குக் கொடாமையால், வர்க்க விதி களத்துக்குள் நுழைவதற்கு முன்னரே அவர்கள் கதவைச் சாத்திவிட்டனர்.

மறுமுனையிலும் இதே இடர் தோன்றியது. தனித்து நிற்கும் பெரும்பூதம், எவ்வளவு வலியதாயினும், நால்வருக்கு எதிரே ஒரு முறை மட்டும் பெற்று விரைவில் வீழ்ந்தது. ஆகவே ஐந்தாம் பதிப்பினர் அத்தகைய பூதம் பிறர் முறைகளின் முடிவிலும் செயற்படலாம் எனச் சிறப்புரிமை வழங்கினர். ஒரு முறைக்கு ஒருவர் என்ற பழைய ஒழுங்கை அவர்கள் அறியாமலே, சுற்றுவழியாக, பாதியளவுக்கு மீட்டுக்கொண்டனர் எனலாம். 2024இல் திருத்திய பதிப்பிலோ, தொகைக்கேற்பப் பெருக்கும் அந்த விதி முற்றாகக் கைவிடப்பட்டது. குறைவு, நடுத்தரம், உயர்வு என மூன்று படிகளும் ஒரு கூட்டலும் மட்டும் எஞ்சின. கணக்குக் கடினமென்று ஆடுவோர் அதனைச் செய்யாமல் விட்டதே காரணமாக இருக்கலாம். எஞ்சியதை நெறியாளரின் மதி நிரப்பவேண்டும். வேர்டி து வெர்னுவா மீண்டும் ஒரு முறை வென்றார்.

நெறியாளரின் மதி என்னும்போது நம் கூத்தரங்கின் அண்ணாவியார் நினைவுக்கு வருகிறார். வடபாங்கு தென்பாங்கு என இரு மரபுகளை உடைய மன்னார்க் கத்தோலிக்க நாட்டுக்கூத்து, அரசர்களும் படைகளும் மோதும் கதைகளால் நிறைந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இப்பகுதி நாடகங்கள் சிலவற்றைப் பதிப்பித்தார். என்றீக் எம்பரதோர் நாடகம் அவற்றுள் ஒன்று. பாத்திரமேற்றல், ஆயுதம் ஏந்தி ஆடுதல், அனைத்தையும் நெறிப்படுத்த ஒருவர் நிற்றல் ஆகிய மூன்றும் இரண்டிலும் உள. ஆனால் கூத்தில் வெற்றி ஏட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வீழவேண்டிய அரசன் வீழ்வான். அண்ணாவியார் மாற்றமாட்டார், பார்ப்போரும் மாற்ற விரும்பார். முடிவை அறிந்தே விடியும்வரை இருந்து பார்க்கிறோம். எவரும் ஏமாற்றப்படுவதில்லை.

மேசை விளையாட்டில் ஏமாற்றுக்கு இடமுண்டு. நெறியாளர் தம் கட்டைகளை ஒரு தட்டியின் பின்னால் உருட்டுவது வழக்கம். பாத்திரம் ஒன்று சாகப்போகும் தறுவாயில் உருண்ட எண்ணை மறைத்து வேறோர் எண்ணைச் சொல்லிவிடலாம். கைகாக்ஸ் 1979இல் வெளியிட்ட நெறியாளர் கைந்நூலிலேயே, தக்க வேளையிற் கட்டையின் தீர்ப்பை ஒதுக்க நெறியாளருக்கு உரிமை வழங்கப்பட்டிருக்கிறது. இதனை ஆதரிப்போர் பலர். கதை கெடாமற் காப்பது நெறியாளரின் கடமை என்பது அவர் வாதம். எங்கள் விடுதி மேசையிலும் இது நிகழ்ந்தது. ஏழு மாதம் ஆடிய ஆட்டமொன்றின் இறுதிப் போரில் நாங்கள் வென்றோம், ஆரவாரித்தோம். அடுத்த நாள் தேநீர்ச்சாலையில், இரண்டு முறை நாங்கள் மாண்டிருக்கவேண்டும் என்றும் தாம் இரங்கி எண்ணை மாற்றியதாகவும் நெறியாளர் நல்லெண்ணத்தோடு கூறினார். எங்களுள் ஒருவர் அதன்பின் அந்த மேசைக்கு வரவில்லை. சிறுபிள்ளைத்தனம் என்று அன்று அவரைக் கடிந்தோரில் நானும் ஒருவன். இன்று அவ்வாறு கூறமாட்டேன். விளையாட்டென்று அழைத்துச் சென்று கூத்துக்குள் அமர்த்திவிட்டார்கள் என்பதே அவர் மனக்குறை. ஏட்டைக் காட்டியிருந்தால் அவர் கூத்தையும் விரும்பியே ஆடியிருப்பார்.

கணக்குகளாற் சமநிலையைத் தேடுவோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. நூலாசிரியர்கள் எண்களைத் திருத்திக்கொண்டே இருக்கின்றனர், திருத்துதல் நன்றே. ஆனால் ஆடுபவனுக்கு இடருறுத்துவது எண்ணின் சிறு பிழையன்று. தனக்கு எதிரே எத்தனை புலிகள் நிற்கின்றன என்பதை அறியும் உரிமை அவனுக்கு உண்டா என்பதே அவனது கேள்வி.

அப்பு 1990களில் மடுவில் அடைக்கலம் புகுந்திருந்த நாள்களிலும் இந்த ஆட்டத்தை விடவில்லை என்று அம்மா சொல்வார். மீண்டும் ஊருக்கு வந்தபின், வாடியிலிருந்து காவலரண் கூப்பிடு தூரத்தில் இருந்தமையால், புலி என்ற சொல்லை அவர் உரத்துச் சொல்வதில்லை, பெரியது என்பார். பெரியதுக்கும் நாய்க்கும் என்று அக்காலத்தில் எங்கள் வீட்டில் ஆட்டத்தின் பெயரே மாறியிருந்தது. போருக்குள் இருந்துகொண்டு அவர் மணலில் இன்னொரு போரை அளந்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

இரண்டு புலிகளோடு அவர் என்னுடன் எத்தனை நாள் ஆடினார் என்பது நினைவில்லை. முதலிற் தோற்றேன், பின்னர் எப்போதாவது வென்றேன், பின்னர் அடிக்கடி வென்றேன். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் இரண்டு கல்லையும் நான் அடைத்துவிட்ட ஒரு மாலையில், அவர் கோடுகளைக் கையாற் துடைத்துப் புதிதாகக் கிழித்தார். மடியை அவிழ்த்து மூன்றாவது கல்லை எடுத்து, நான் நன்றாகப் பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்துக் காட்டி, மலையின் உச்சியில் வைத்தார். "இனி முழு ஆட்டம்" என்றார். பதினைந்து சிப்பிகளையும் வைத்து முடிப்பதற்குள் ஆறு வெட்டுப்பட்டுப் போயின.